மீட்டதோடு முடியாத பணி



கென்யா நாட்டின் தென்பகுதியிலுள்ள நாரோக்கில் மாசாய் மக்கள் மாடு மேய்த்து வாழ்ந்து வருகிறார்கள். அவர்களுடைய பழைய வழக்கப்படி, பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு முடிந்த சிறுமி பெரியவளாக எண்ணப்படுகிறாள். அடுத்தது திருமணம். தகப்பனுக்குப் பரிசமாக மாடுகள் வருகின்றன. மகளின் படிப்போ நின்றுபோகிறது.

இப்படிப்பட்ட சிறுமிகளுக்காக 2002இல் ஆக்னஸ் பரேயோ அம்மையார் நாரோக்கில் ஓர் அடைக்கல இல்லத்தைத் திறந்தார். அவரும் சிறுவயதில் அச்சடங்கிற்கு உட்படுத்தப்பட்டவரே.

ஓடிவந்த பிள்ளைக்கு உணவும் படுக்கையும் கொடுத்தால் போதாதா என்று எங்களிடம் கேட்கிறவர்கள் உண்டு. போதாது. அவளைப் பள்ளியில் சேர்த்து, படிப்பு முடியும்வரை கட்டணம் செலுத்தவேண்டும். பள்ளி விடுமுறையில்தான் இச்சடங்கு அதிகமாக நடக்கிறது. ஆகவே பள்ளி விடுதி மூடும் டிசம்பரிலும் இல்லத்தின் கதவு திறந்திருக்கவேண்டும். பெற்றோரிடம் பொறுமையாகப் பேசி ஒப்புரவாக்கவும் வேண்டும். படிப்பைப் பெறுவதற்காக ஒரு பிள்ளை தாய் தகப்பனை இழந்துவிடலாகாது.

2011ஆம் ஆண்டுச் சட்டம் இச்சடங்கை நாடெங்கும் தடைசெய்தது. 15 முதல் 49 வயதுள்ள கென்யப் பெண்களில் இதற்கு உட்பட்டவர்கள் 2014இல் நூற்றுக்கு 21 பேர். 2022இல் 15 பேர். நன்றி சொல்லவேண்டிய மாற்றம்தான். ஆயினும் இரவில் ஓடிவரும் சிறுமிக்குக் கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

ஒருமுறை கொடுக்கும் காணிக்கை அவளுக்கு அடைக்கலம் தரும். அவள் படித்து முடிக்க, ஆண்டுதோறும் தொடரும் தாங்குதல் தேவை. இதை நாம் மறவாதிருப்போமாக.