டெண்டர் விதிகள்: பெட்டி திறக்கும் முன்னும் பின்னும்

ஊராட்சித் தெருவுக்குப் போடும் சிமென்ட் சாலை, அரசு மருத்துவமனைக்கு வாங்கும் மருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் சைக்கிள் எல்லாம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஒவ்வொன்றும் யாரோ ஒரு ஒப்பந்தக்காரருக்கோ நிறுவனத்துக்கோ வருமானமாகவும் ஆகிறது. அந்த வருமானம் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு அதிகாரியிடம் இருக்கிறது. ஆனால் பிடித்தவருக்குக் கொடுத்துவிட அவருக்கு உரிமை கிடையாது. பொதுவில் அறிவித்து, போட்டி வைத்து, காரணத்தை எழுதிவைத்துத்தான் கொடுக்க வேண்டும். இதற்கான நடைமுறைதான் ஒப்பந்தப்புள்ளி விதிகள். பேச்சு வழக்கில் டெண்டர் விதிகள்.

இவற்றின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரத்தை 298ஆவது பிரிவு அரசுக்குத் தருகிறது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரிலும் மத்திய அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்கிறது 299ஆவது பிரிவு. இவற்றைவிட அதிகம் வேலை செய்வது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 14ஆவது பிரிவு. டெண்டர் தொடர்பான வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டே நடக்கின்றன.

அதற்கு வழிபோட்டது 1979இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த டெண்டர் கோரப்பட்டது. இரண்டாம் வகுப்பு ஓட்டல் நடத்துபவராகப் பதிவு பெற்று, குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ளவரே விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. ஒப்பந்தம் கிடைத்தவரோ கேன்டீன் நடத்திய அனுபவம் மட்டுமே உள்ளவர். தானே வகுத்த தகுதியை விமான நிலைய ஆணையம் தானே மீற முடியாது என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். அந்த நிபந்தனையைப் பார்த்துத் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கும் அநீதி நடந்திருக்கிறது என்பது தீர்ப்பின் நுட்பமான பகுதி. ஆனாலும் அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை. வழக்குத் தொடுத்தவர் தாமதமாக வந்தார், அதற்குள் எதிர்த்தரப்பு பெரும் பணம் செலவழித்துவிட்டது என்று கூறி நிவாரணம் மறுக்கப்பட்டது. வழக்கு தோற்றது, விதி நிலைத்துவிட்டது.

நாடு முழுவதற்குமான அரசுக் கொள்முதல் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2012இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. 2014இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. மத்திய அரசுத் துறைகள் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. தமிழ்நாடு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1998இலேயே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் இங்கே நிறைவேறியது. அதன்கீழ் விதிகள் 2000இல் வந்தன. கர்நாடகம் 1999இல் இதே போன்ற சட்டத்தை இயற்றியது. துறை விதிகளை அரசாணை ஒன்றால் மாற்றிவிடலாம், சட்டத்தை மாற்ற சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தின் பலம் இதுதான். அரசுத் துறைகளுடன் உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள், கூட்டுறவு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவையும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

பணி தொடங்குவது மதிப்பீட்டில். பொறியாளர் அரசின் விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடுவார். நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் கிடைத்த பின் டெண்டர் அறிவிப்பு வெளியாகும். நாளிதழ் விளம்பரத்தோடு விஷயம் முடிவதில்லை. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஒப்பந்தப்புள்ளி இதழ்கள் வெளியிடப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இப்போது அறிவிப்புகளையும் ஆவணங்களையும் அரசின் டெண்டர் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். நாளைக் குறைப்பதென்றால் மேலதிகாரி அனுமதிக்க வேண்டும், காரணமும் எழுதப்பட வேண்டும். அவகாசம் குறைந்தால் வெளியூர்க்காரருக்கு இடத்தைப் பார்க்கவோ விலை விசாரிக்கவோ நேரம் இருக்காது. முன்கூட்டியே தகவல் தெரிந்தவர் மட்டும் தயாராக நிற்பார். ஆகவே ஒரு டெண்டரை ஆராய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதிகளைத்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தகுதி நிபந்தனைகளை. டெண்டரில் முறைகேடு என்றதும் பெட்டியைத் திறக்கும் மேசைதான் பலர் நினைவுக்கு வரும். உண்மையில் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, நிபந்தனைகள் எழுதப்படும் மேசையிலேயே முடிவு தீர்மானிக்கப்பட்டுவிட முடியும். சிறிய கட்டடத்துக்குத் தேவைக்கு மிஞ்சிய ஆண்டு வருவாய் கேட்பது, குறிப்பிட்ட மாவட்டத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது, கணினி வாங்கும்போது ஒரே ஒரு கம்பெனியின் மாடலுக்கு மட்டும் பொருந்தும் அளவுகளை அப்படியே எழுதுவது போன்றவை இதன் வழக்கமான வடிவங்கள். தார்க் கலவை ஆலை வேலையிடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்ளலாம். சூடு குறைந்த கலவை சாலையில் சரியாக இறுகாது என்பதால் அதற்குப் பொறியியல் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தொலைவுக்குள் ஒரே ஒருவரிடம்தான் ஆலை இருக்கிறது என்றால் அதே நிபந்தனை மற்றவர்களுக்குக் கதவை அடைத்துவிடும். நிபந்தனை நல்லதா கெட்டதா என்பதை அதன் வாசகம் மட்டும் காட்டாது. அதை எத்தனை பேர் நிறைவேற்ற முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

பல சிறு பணிகளைச் சேர்த்து ஒரே பேக்கேஜாக டெண்டர் விடுவதும் இப்படித்தான். மேற்பார்வை எளிதாகும் என்ற காரணம் சொல்லப்படும், சில வேலைகளில் அது உண்மையும்கூட. ஆனால் ஒவ்வொரு தெருவையும் தனித்தனியாக எடுத்துச் செய்யக்கூடிய உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் பேக்கேஜின் மதிப்பைப் பார்த்ததும் விலகிவிடுவார்கள். நேரெதிரான தந்திரமும் உண்டு. மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத அளவுக்கு ஒரே கொள்முதலைத் துண்டு துண்டாக உடைப்பது அது. பொது நிதி விதிகள் அதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

டெண்டர் போடுபவர் இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். தமிழ்நாட்டு விதிகளின்படி அது கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேலையை வாங்கிவிட்டுப் பின்வாங்குபவர் அந்தத் தொகையை இழப்பார். ஏதாவது ஒரு நிபந்தனை புரியவில்லை என்று ஒருவர் விளக்கம் கேட்டால், அந்த விளக்கம் டெண்டர் ஆவணம் வாங்கிய அனைவருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒருவர் காதில் மட்டும் விழும் தகவல் போட்டியைக் கெடுக்கும்.

குறித்த நாளில், குறித்த நேரத்தில் பெட்டி திறக்கப்படும். டெண்டர் போட்டவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ அங்கே இருக்கலாம். ஒவ்வொரு உறையும் அவர்கள் முன்னிலையில் பிரிக்கப்படும். பெயரும் விலையும் உரக்க வாசிக்கப்படும். அடித்துத் திருத்திய இடங்களில் அதிகாரிகள் சுருக்கொப்பம் இடுவார்கள். பிறகு எண்ணைச் சேர்க்கவோ அழிக்கவோ முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வருகைக் குறிப்பும் நடவடிக்கைக் குறிப்பும் எழுதப்படும். இணையவழி டெண்டரில் இதே காரியத்தை மின்னணுக் கையொப்பமும் பூட்டும் செய்கின்றன. முன்பெல்லாம் டெண்டர் போட வருபவரை அலுவலக வாசலிலேயே வழிமறிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே விலையைப் பதிவேற்றும் வசதி அந்த அடாவடிக்குப் பெரிய முட்டுக்கட்டை போட்டது.

பெரிய பணிகளுக்கு இரு உறை முறை. முதல் உறையில் தகுதி, அனுபவம், இயந்திரங்கள் பற்றிய சான்றுகள் இருக்கும். இரண்டாவதில் விலை. முதல் உறையில் தேறியவருடைய விலை உறை மட்டுமே திறக்கப்படும். குறைந்த விலை கண்ணில் பட்டுவிட்டால் தகுதிக் குறையைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆசை வரலாம், அதிக விலை தெரிந்தால் ஒரு குறையைத் தேடிப் பிடிக்கும் ஆசையும் வரலாம். இரண்டையும் தடுக்கத்தான் விலை கடைசிவரை மறைவாக இருக்கிறது.

தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவர் ‘எல்1’. வரி, போக்குவரத்து போன்ற, எண்ணில் கணக்கிடக்கூடிய அம்சங்களைச் சேர்த்துத்தான் குறைந்த விலை எது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த விலையும் சந்தை நிலவரத்தைவிட அதிகம் என்று தோன்றினால் பேரம் பேசலாம், ஆனால் எல்1உடன் மட்டும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1998 நவம்பரில் வெளியிட்ட உத்தரவும் இதையேதான் சொன்னது. இரண்டாம் இடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, முதலாமவரின் விலையைச் சொல்லி, இன்னும் குறைக்க முடியுமா என்று கேட்கும் பழக்கம் அதற்கு முன் இருந்தது. அப்படிக் கேட்கலாம் என்றால் யாரும் தம் உண்மையான விலையை முதலில் எழுத மாட்டார்கள்.

குறைந்த விலையே எப்போதும் நல்ல விலை என்று சொல்லிவிட முடியாது. கட்டுப்படியாகாத விலைக்கு வேலை எடுத்தவர் சிமென்டிலும் கம்பியிலும்தான் அதை ஈடுகட்டுவார். இதற்காகவே மதிப்பீட்டைவிட மிகக் குறைவாகக் கேட்பவரிடம் கூடுதல் வைப்புத்தொகை வாங்கும் ஏற்பாடு உண்டு. தரத்துக்கும் மதிப்பெண் போட்டு விலையோடு சேர்த்துப் பார்க்கும் முறையை, தரம் முக்கியமான கட்டுமானப் பணிகளுக்கு மத்திய அரசு 2021இல் அனுமதித்தது. தரத்துக்கான பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. மதிப்பெண் போடுவது மனிதர்கள் என்பதால் இந்த எச்சரிக்கை சரியானதே.

டெண்டர் இல்லாமல் வாங்கவும் தமிழ்நாட்டுச் சட்டம் சில இடங்களில் அனுமதிக்கிறது. இயற்கைப் பேரிடர், அரசு அறிவித்த அவசரநிலை, ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் பொருள் போன்றவை விலக்கில் அடங்கும். வெள்ளத்தில் தவிப்பவருக்குப் படகு பிடிக்க 15 நாள் காத்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரியும். வெள்ளம் வடிந்து பல மாதம் கழித்தும் அதே அவசரத்தைக் காரணம் காட்டினால் அது விலக்கைத் தவறாகப் பயன்படுத்துவதுதான். ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கிறது என்பதையும் அதிகாரி தாமாகச் சொல்லிவிட முடியாது. வல்லுநர் குழு ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

ஒப்பந்தக்காரர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு முறைபோட்டு வேலை எடுப்பதற்கு ‘ரிங்’ என்று பெயர். அதிகாரி நேர்மையாக இருந்தாலும் இது நடக்கலாம். இந்த முறை எடுக்க வேண்டியவர் ஒரு விலை எழுதுவார், மற்றவர்கள் ஒப்புக்கு அதைவிடக் கூட்டி எழுதுவார்கள். ஒரே எழுத்துப்பிழை எல்லா விண்ணப்பங்களிலும் இருப்பது, வைப்புத்தொகை வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருப்பது, எல்லா விலைகளும் ஒரே கணினியிலிருந்து பதிவேறியிருப்பது போன்ற தடயங்கள் இதைக் காட்டிக்கொடுக்கும். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடை செய்கிறது. போட்டி ஆணையம் பெரும் அபராதம் விதிக்கலாம்.

விலை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, சமூக நோக்கமும் விதிகளில் உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை வாங்க வேண்டும் என்பது மத்திய அரசின் கொள்கை. அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டப்படி, முடிவெடுத்த பின் தேர்வானவரின் பெயரையும் மற்றவர்களை நிராகரித்த காரணத்தையும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்ப்பை இழந்தவர் உத்தரவு கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பின் உயர் நீதிமன்றம் இருக்கிறது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களின் செல்போன் உரிமம் பற்றிய 1994ஆம் ஆண்டின் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நீதிமன்றத் தலையீட்டுக்கு எல்லை வகுத்தது. முடிவு எட்டப்பட்ட முறையில் பிழை உண்டா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். யாருக்குக் கொடுத்திருக்கலாம் என்று அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்யாது.

டெண்டர் போடாத சாதாரணக் குடிமகனுக்கு இந்த மேல்முறையீட்டு உரிமை கிடையாது. அவருக்கு இருப்பது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வேலை உத்தரவு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், செய்த வேலையை அளந்து எழுதும் எம்-புக் ஆகியவற்றின் நகல்களை அவர் கேட்டுப் பெறலாம். அதே சட்டத்தின் 2ஆவது பிரிவு இன்னொரு உரிமையையும் தருகிறது. தம் தெருவில் நடக்கும் அரசுப் பணியை நேரில் ஆய்வு செய்யவும், அங்கே பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம்.