மந்திரியும் நாரத்தையும் சேர்ந்தால் என்ன பழம், தெரியுமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஏதாவது ஒரு காபி எஸ்டேட்டை வேலியோரம் நின்று பாருங்கள்! சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காபி, ஊடே கமலா ஆரஞ்சு. ஐரோப்பாவையே வலம் வந்த மூன்று சொற்கள் ஒரே தோட்டத்தில்!

காபி, சொல்லாலும் செடியாலும் விருந்தாளி. அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு 1820களில் அதைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன்.

மிளகு? வேடிக்கையைக் கேளுங்கள். நம் திப்பிலியின் வடமொழிப் பெயர் பிப்பலி. அதுதான் கிரேக்கத்தில் பெபெரி, லத்தீனில் பிபெர், ஆங்கிலத்தில் பெப்பர். சரக்கு மிளகு, பெயர் மட்டும் திப்பிலியுடையது!

ஆனால் ராஜா, ஆரஞ்சுதான். ஆங்கிலச் சொல் என்றுதானே நினைத்தீர்கள்? தமிழில் நாரத்தை, வடமொழியில் நாரங்க. இதன் வேர் திராவிடம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலேயே 'நரந்தம்' இருக்கிறது! பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், அரபியர் ஆண்ட ஸ்பெயினில் நாரன்ஹா. இத்தாலிக்குள் நுழைந்ததும் 'ந' மாயம்! 'ஒரு' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'உனா'வின் ந-வோடு பழத்தின் ந ஒட்டிக்கொள்ள, மிச்சம் 'அராஞ்சா'. பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் சுற்றி, தலையெழுத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறது நம் நாரத்தை.

இன்னொன்று: அந்தப் பழம் வரும்வரை அந்த நிறத்துக்கே ஆங்கிலத்தில் தனிப்பெயர் கிடையாது! ஆரஞ்சு நிற மார்புள்ள ராபின் குருவியை அதனால்தான் இன்றும் 'சிவப்பு மார்பு' என்கிறார்கள். எல்லா ஐரோப்பியரும் நாரத்தையைப் பிடித்துக்கொள்ளவில்லை. டச்சுக்காரருக்கு அது 'சீன ஆப்பிள்'. கிரேக்கர்கள் இனிப்புப் பழத்தைப் போர்த்துகல் பெயரால் போர்த்தொகாலி என்கிறார்கள். கசக்கிற பழம் மட்டும் அங்கே இன்னும் 'நெராந்சி'. அடடா, நம் ஊறுகாய்க்காரர்களுக்கு இது தெரியுமா?

இருங்கள், உச்சம் இனிமேல்தான். கையால் லேசாக நெம்பினாலே தோல் கழன்று வருமே, அந்தக் கமலா ஆரஞ்சை ஆங்கிலத்தில் 'மாண்டரின் ஆரஞ்ச்' என்பார்கள். மாண்டரின் என்றால் சீன அதிகாரி; அவர்கள் உடையின் நிறத்தால் பழத்துக்கு அப்பெயர் என்று சொல்வதுண்டு. ஆனால் சீனர்களுடைய சொல் அல்ல அது! மலாய்க்காரரின் 'மெந்தெரி'யைத்தான் போர்த்துகீசியர் 'மந்தரிம்' ஆக்கினார்கள். மெந்தெரி எங்கிருந்து போனது? நம் மந்திரிதான்!

ஆக, மாண்டரின் ஆரஞ்ச் என்றால் மந்திரி நாரத்தை. தயிர்சாதத்தோடு வைக்கும் நாரத்தங்காயை ஒதுக்கித் தள்ளும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.