மர்ரே ஆற்றின் மீன்வழிகள்: அன்றும் இன்றும்

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் 1920-களிலும் 1930-களிலும் தடுப்பணைகள் வரிசையாக எழுந்தன. ஆறாம் எண் அணையிலும் யூஸ்டன் அணையிலும், மீன்கள் தடுப்பைத் தாண்டி மேலேற உதவும் மீன்வழியும் சேர்த்தே கட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வடிவமைப்பு, வட அரைக்கோள நாடுகளில் சால்மன் மீனுக்காக உருவானது. சால்மன் சீறிவரும் நீரை எதிர்த்துப் பாயும். மர்ரேயின் உள்நாட்டு மீன்களான கோல்டன் பெர்ச்சுக்கும் சில்வர் பெர்ச்சுக்கும் அந்த வலு கிடையாது. வழி திறந்தே இருந்தும், அதில் பாய்ந்த தண்ணீரே தாழ்ப்பாள் ஆயிற்று. பல பத்தாண்டுகள் இப்படியே போயின என்பதுதான் வேதனை.

மாற்றம் சோதனைக்கூடத்தில் தொடங்கியது. மார்ட்டின் மாலன்-கூப்பர் போன்ற ஆய்வாளர்கள், உள்நாட்டு மீன்களை மாதிரி மீன்வழியில் விட்டு, எந்த வேகம் வரை அவை தாக்குப்பிடிக்கின்றன என்று பார்த்தார்கள். அதன்பின் 1991-இல் மர்ரேயின் டோரம்பரி அணையில் புதிய மீன்வழி வந்தது. தொட்டிகள் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு தடுப்பிலும் மேலிருந்து அடிவரை ஒரு பிளவு. மீன் தனக்குப் பிடித்த ஆழத்தில் நுழையலாம், தொட்டியின் ஓரத்தில் இளைப்பாறலாம்.

சூட்சுமம் இரு தொட்டிகளுக்கு இடையிலான நீர்மட்ட வித்தியாசத்தில் இருக்கிறது. அது 16.5 செ.மீ. என்றால் பிளவில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர். 10 செ.மீ. ஆக்கினால் 1.4 மீட்டராகக் குறையும். டோரம்பரியில் முதல் அளவை வைத்தார்கள். சரிவு 18-க்கு 1, அதாவது 18 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். பெர்ச் மீன்கள் பெருங்கூட்டமாக ஏறின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்னும் முட்டையிடும் பருவம் எட்டாதவை! முதிர்ந்த மீன்களே வலசை போகும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. ஆனால் விரல்நீள மீன்களுக்கு அந்த வேகமும் அதிகம்.

அதனால் 2001-இல் தொடங்கிய, கடலிலிருந்து ஹியூம் அணைவரை வழிதிறக்கும் திட்டத்தில், பல அணைகளில் சரிவை 32-க்கு 1 ஆகத் தணித்தார்கள். வழி நீளும், செலவு கூடும். ஆனாலும் 4 செ.மீ. குஞ்சும் 1 மீட்டர் மர்ரே காட் மீனும் ஒரே பாதையில் ஏற வேண்டும் என்பதே இலக்கு. வாசல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மதகிலிருந்து நுரைத்துக் கொட்டும் நீர், மீன்வழியின் ஓட்டத்தை மறைத்துவிட்டால் மீனுக்கு வாசல் தெரியாது.

மர்ரே-டார்லிங் படுகையின் துணையாறுகளில் இன்னும் ஆயிரக்கணக்கான தடுப்புகள் நிற்கின்றன. அங்கே மீன்வழி கட்டுவோர், அந்த ஆற்றின் மிகச்சிறிய மீனின் நீச்சல் வேகத்தை அளந்துவிட்டு வரைபடத்தைத் தொட வேண்டும்.