ராகு காலத்தில் ஒரு முகூர்த்தம்

தஞ்சாவூர்ச் சீமைக் கடைத்தெருக்களில் திராவிடர் கழகக் கூட்டம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கதாகாலட்சேபம் பிள்ளையார் துதியோடு தொடங்கும். கழகக் கூட்டம் கடவுள் மறுப்பு வாசகங்களோடு தொடங்கும். ஒருவர் மைக் முன்னால் வந்து அந்த வாசகங்களைச் சொல்லி முடித்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். கீழே உட்கார்ந்திருக்கும் கருப்புச் சட்டைக்காரர்கள் பலருக்கும் உதடு தானாகக் கூடவே அசையும். அந்த வாசகங்கள் பிறந்ததும் இந்த நெல் பூமியில்தான். 1967 மே 24 அன்று, திருவாரூர் பக்கம் விடயபுரத்தில் நடந்த பயிற்சி முகாமில் பெரியார் அவற்றை அறிவித்தார். பிறகு அவருடைய சிலைகளின் பீடங்களில் அதுவே கல்வெட்டாக ஏறியது. அதை நீக்கச் சொல்லி வந்த ஒரு வழக்கை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுள் உண்டு என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்தால், இல்லை என்று சொல்ல இன்னொருவருக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

"மந்திரம் இருக்கு, அது இறங்கின ஊர் இருக்கு, உடுத்திக்கக் கருப்பு இருக்கு. நீங்களும் ஒரு மதந்தானே பெரியப்பா?" என்று கழகத்துக்காரரான என் பெரியப்பாவை ஒருமுறை சீண்டினேன். "போடா மடையா" என்றார். சம்பா நடவு நேரம். ஆள் கூப்பிடக் கிளம்பிவிட்டார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

பெரியப்பாவுக்குக் குடவாசல் பக்கம் ஆறு மா நிலம். சித்திரை முதல் நாள் ஊரே நல்லேர் பூட்டும். அவர் திண்ணையில் உட்கார்ந்து 'விடுதலை' பேப்பர் படிப்பார். மகள் கல்யாணத்தைத் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் வைத்தார், சுத்தமான ராகு காலம். அழைப்பிதழில் 'இணையேற்பு விழா' என்று போட்டிருந்தது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை. ஆனால் தலைமை தாங்க ஒருவர் இருந்தார். அவர் உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மணமக்கள் திருப்பிச் சொன்னார்கள். மாலை மாற்றினார்கள். பிறகு வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு மேல் வாழ்த்துரை. பின் வரிசையில் அத்தைமார் பந்தி எப்போது என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறொரு யோசனை. ராகு காலத்தைத் தவிர்க்கிறவரும் காலண்டரைப் பார்க்கிறார், தேடிப் பிடிக்கிறவரும் அதே காலண்டரைத்தான் பார்க்கிறார்.

சட்டம் இந்த வேடிக்கையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய இந்தச் சுயமரியாதைத் திருமண முறை செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை இப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுக்கும் சொத்துக்கும் அது என்ன கதியைக் கொண்டுவந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1967-இல் அண்ணாவின் ஆட்சிதான் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். முதல் வரைவில் தாலி கட்டாயம் என்பதுபோல் ஓர் 'உம்' இருந்ததாகவும், பெரியார்தான் அதை 'அல்லது' ஆக்கச் சொன்னதாகவும் கழகத்தார் கதை சொல்வார்கள். இந்தத் திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் இந்தப் பிரிவு உட்கார்ந்திருப்பது எங்கே? இந்து திருமணச் சட்டத்துக்குள், 7-ஏ என்ற எண்ணில். இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் மணம் என்றே அது பேசுகிறது. ராகு காலத்தில் கடவுளை மறுத்துவிட்டுக் கைகோத்த என் அக்காவும் அத்தானும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாம் நம்பர் இந்துக்கள்.

கடவுளை ஒதுக்கிய மதம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. சமணம் படைத்தவன் என்று ஒருவனை ஒப்புக்கொள்ளாத மதம். தஞ்சாவூர் கரந்தையில் இன்றும் அவர்களுடைய ஆதிநாதர் கோயில் இருக்கிறது, மன்னார்குடியில் மல்லிநாதர் கோயில் இருக்கிறது. உள்ளே போனால் விளக்கு, அபிஷேகம், மூலவர் என்று எல்லாம் நம் கோயில் சாடைதான். நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமமே இறையிலியாகப் போனது. கடவுளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒதுங்கிய புத்தரை, அந்த ஊர் மண்ணைத் தோண்டத் தோண்ட நூற்றுக்கணக்கில் வெண்கலத் திருமேனியாக எடுத்திருக்கிறார்கள். ஆகவே கடவுள் இல்லாமல் மதம் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. அமைப்பும் நிலமும் மூலவரும் கிடைத்துவிட்டால் அது பாட்டுக்கு நடக்கும்.

பெரியாருக்கு இந்த வாசல் நேராகவே திறந்தது. 1954 கடைசியில் பர்மாவில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போனபோது அங்கே அம்பேத்கரைச் சந்தித்தார். பௌத்தத்தில் சேர்ந்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு சேர்ந்தார். பெரியார் சேரவில்லை. வெளியே போய்விட்டால் இந்து மதத்தைக் கண்டிக்கிற உரிமை போய்விடும், உள்ளே இருந்தால்தான் பேச முடியும் என்பது அவர் பின்னால் சொன்ன காரணம். தமிழ்நாட்டு நாத்திகம் தனி மதமாகாமல் போன இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டை விட்டு வெளியேறாமல் திண்ணையிலேயே உட்கார்ந்து வீட்டைத் திட்டுகிறவருக்குத் தனி வீடு எதற்கு?

வெளிநாட்டில் தனி வீடு கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்த் கோம்த் மனிதகுல மதம் என்று ஒன்றைத் தொடங்கி, மாதத்துக்கு 28 நாளாகப் பதின்மூன்று மாதக் காலண்டர் போட்டு, புனிதர்களுக்குப் பதில் அறிஞர்களை வைத்தார். 2013-இல் லண்டனில் நாத்திகர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். இரண்டுமே தேவாலயத்தின் அச்சில் வார்த்தவை. நம்முடையது கோயிலின் அச்சு. தீச்சட்டி ஏந்தி, முதுகில் அலகு குத்திக் கார் இழுத்து, இதற்குச் சாமி தேவையில்லை என்று காட்டும் கழக ஊர்வலங்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஊர்வலம் போன பிறகு ஊரில் பேச்சு சாமியைப் பற்றி இருக்காது, எத்தனை கிலோ இரும்புக் கொக்கி என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

மூலவர் விஷயத்துக்கு வருகிறேன். 1953 மே 27-இல் பெரியார் மண் பிள்ளையாரைப் போட்டு உடைத்த கதையைப் பெரியப்பா சிரிக்காமல் சொன்னதே இல்லை. "மண்ணுதானேடா, உடைஞ்சா என்ன?" என்பார். 2006 டிசம்பரில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு எதிரே, திறப்பதற்கு முன்பே பெரியார் சிலையை உடைத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று பெரியப்பா மதியம் சாப்பிடவில்லை. கொல்லைப்புறம் போய்த் தென்னையடியில் நின்றார். நான் பக்கத்தில் போய், "சிமெண்டுதானே பெரியப்பா" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்ததை வேறெங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். சாமி சிலை திருடுபோன ஒரு கிராமத்துக் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். இப்போது திருச்சி அருகே சிறுகனூரில் 40 அடி பீடத்தின்மேல் 95 அடிச் சிலைக்குக் கழகம் திட்டமிட்டு வேலை செய்கிறது. அண்ணாந்து பார்க்கிற கழுத்துக்குப் பகுத்தறிவு என்றும் பக்தி என்றும் வித்தியாசம் தெரியுமா என்பது என் சந்தேகம்.

ஆனால் மதம் என்றால் வீட்டுக்குள்ளும் வந்தாக வேண்டும். அங்கேதான் இது வாசலோடு நின்றுவிடுகிறது. டெல்டாவில் எத்தனையோ வீட்டில் ஐயா கழகம், அம்மா கோயில். பெரியம்மா நெல் குதிருக்குப் பின்னால் புன்னைநல்லூர் மாரியம்மன் படம் ஒன்று வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசம் திண்ணை வரைக்கும் வரும். பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது அவ சுயமரியாதைடா" என்றார். உலகத்தில் எந்த மதத் தலைவராவது தன் வீட்டு அடுப்படியை இப்படி விட்டுக்கொடுத்திருப்பாரா, தெரியவில்லை. மதம் வளர்வது பிள்ளைகள் வழியாக. பிள்ளைகள் வளர்வது அடுப்படியில்.

2011 கணக்கெடுப்பில் தங்களை நாத்திகர் என்று பதிந்துகொண்டவர்கள் நாடு முழுக்கச் சுமார் 33,000 பேர். தமிழ்நாட்டில் சுமார் 1,300. பெரியாரின் பிறந்தநாள் அன்று தஞ்சாவூரில் மாலை போட வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்த எண்ணை நம்பமாட்டார்கள்.

எனக்கு ஆச்சரியமில்லை. அக்கா மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம். அக்கா பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். எதுவும் எழுதாமல் விடலாம், அதற்கு 1973-லேயே அரசாணை உண்டு என்றேன் நான், எல்லாம் தெரிந்தவனாக. பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்துன்னு போடு. பிற்படுத்தப்பட்டோர் சர்ட்டிபிகேட் வாங்கணும். அதுக்குத்தானே இவ்வளவு நாள் கத்தினோம்." பிறகு, அக்கா எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்ள இருந்தாத்தான்டா திட்ட முடியும்."