இழையுருப்பிரிவுத் தடை

இழையுருப்பிரிவுத் தடை என்பது, உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் வேளையில் அப்பிரிவு நடுவழியில் நின்றுவிடுவதைக் குறிக்கும். சில தாவரங்களில் உள்ள வேதிப்பொருட்கள் இத்தடையை ஏற்படுத்த வல்லவை. புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின், பாக்ளிடாக்செல் ஆகியவை இவ்வகை மருந்துகள் ஆகும். பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் பயிரிடப்படும் செங்காந்தளில் உள்ள கோல்கிசினும் உயிரணுப் பிரிவைத் தடுப்பதே. எனினும் அது புற்றுநோய் மருந்தாகப் பயன்படுவதில்லை. பிரிவு தடைப்பட்ட உயிரணு உடனே இறந்துவிடுவதில்லை. அது இறப்பதும் தப்புவதும் அதனுள் நிகழும் வேறு மாற்றங்களைப் பொறுத்தவை.

பழனி மலை அடிவாரத்தில் செங்காந்தள்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் ஆகும். இது கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்னும் பெயர்களாலும் அறியப்படுகிறது. கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடருக்கு வடக்கே ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் உழவர்கள் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். கொடியைக் கம்பிகளில் படரவிட்டு, பூக்கும் காலத்தில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்கின்றனர். விதையிலிருந்து கோல்கிசின் பிரித்தெடுக்கப்படுகிறது. இது கீல்வாத வகைகளுள் ஒன்றான கௌட் நோய்க்கு மிகக் குறைந்த அளவில் மருந்தாகிறது.

ஆய்வுக்கூடங்களிலும் கோல்கிசின் பயன்பட்டுள்ளது. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை 46 என்பதை யோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவன் ஆகியோர் 1956 இல் வெளியிட்டனர். பிரியும் உயிரணுக்களைக் கோல்கிசின் கொண்டு நிறுத்தியதால் குரோமோசோம்களைத் தெளிவாக எண்ண முடிந்தது.

தடை ஏற்படும் விதம்

பிரிவதற்கு முன் உயிரணு தன் குரோமோசோம்களை இரட்டிக்கிறது. பின்னர் நுண்குழல்களாலான கதிர்கோல் இழைகள் அவற்றைப் பற்றி, இரு முனைகளுக்கும் சமமாக இழுத்துச் செல்கின்றன. நுண்குழல்கள் டியூபுலின் என்னும் புரத மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சேர்வதால் உருவாகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசி, எட்வின் டெய்லர் ஆகியோர் 1967 இல் கோல்கிசின் பற்றிக்கொள்ளும் புரதத்தைக் கண்டறிந்தனர். அதுவே பின்னர் டியூபுலின் எனப் பெயர் பெற்றது.

கோல்கிசினும், நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவையும் நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கின்றன. பாக்ளிடாக்செல் இதற்கு நேர்மாறாக, உருவான நுண்குழல்கள் கலையாதவாறு இறுக்கிவிடுகிறது. இதனைச் சூசன் ஹார்விட்சு 1979 இல் வெளியிட்டார். எவ்வழியாயினும் கதிர்கோல் செயலிழக்கிறது.

இழையால் பற்றப்படாத குரோமோசோம் ஒன்று இருப்பினும், அது "பொறு" என்னும் குறிகையை அனுப்புகிறது. இக்குறிகை நிலவும்வரை சைக்கிளின் பி என்னும் புரதம் பெருமளவில் அழியாமல் இருக்கும். உயிரணுவும் பிரிவு நிலையிலேயே நிற்கும். வழக்கமாக ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும் இந்நிலை, மருந்தின் முன்னிலையில் பல மணி நேரம் நீள்கிறது.

இறப்பும் தப்பித்தலும்

நின்றுபோன உயிரணுவில் இரண்டு மாற்றங்கள் ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

முதலாவது, உயிரணுவைக் காக்கும் எம்சிஎல்-1 போன்ற புரதங்கள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. அவை ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் இழைமணிகளின் வெளிச்சவ்வில் துளைகள் ஏற்படும். அவற்றின் வழியே சைட்டோகுரோம் சி வெளியேறி, காசுபேசு எனும் நொதிகளைத் தூண்டும். இந்நொதிகள் உயிரணுவை உள்ளிருந்தே சிதைக்கும். இது திட்டமிட்ட உயிரணு இறப்பு எனப்படும்.

இரண்டாவது, தடை இருந்தபோதிலும் சைக்கிளின் பி மெல்லக் கசிந்து அழிகிறது. இது முற்பட்டு எல்லையை அடைந்தால், உயிரணு பிரியாமலேயே பிரிவு நிலையை விட்டு வெளியேறும். அவ்வாறு தப்பிய உயிரணுவில் குரோமோசோம்கள் இரட்டிப்பாக இருக்கும். அது பின்னர் இறக்கலாம். பி53 புரதத்தின் கட்டுப்பாட்டில் நிரந்தரமாக ஓய்ந்திருக்கலாம். அல்லது மீண்டும் பிரிந்து நோயைத் தொடரலாம். பல புற்றுநோய்களில் பி53 பழுதடைந்திருப்பதால் மூன்றாவது வாய்ப்பு முதன்மை பெறுகிறது.

இவ்விரண்டில் எது முந்துகிறதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தை 2008 இல் கேரன் காசுகாய்ன், இசுடீபன் டெய்லர் ஆகியோர் முன்வைத்தனர். ஒரே வகை உயிரணுக்கள் கூட ஒரே மருந்துக்கு வெவ்வேறு விதமாக விடையளிப்பதை அவர்கள் கண்டனர். ஒரு மருந்து ஒருவருக்குப் பயன்பட்டு மற்றொருவருக்குப் பயன்படாமைக்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

நோயாளியின் உடலில் நிகழ்வது ஆய்வுக்கூடத்தில் காண்பதிலிருந்து வேறுபடலாம். பாக்ளிடாக்செல் பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான ஆய்வு, கட்டியினுள் உயிரணுக்கள் நெடுநேரம் தடைப்பட்டு நிற்பதைவிட, இரண்டிற்கும் மேற்பட்ட முனைகளுடன் தாறுமாறாகப் பிரிந்து, குரோமோசோம்கள் குறைந்த சேய் உயிரணுக்களாகி மடிகின்றன எனக் காட்டியது.

நச்சுத்தன்மை

பிரிவுத் தடை புற்றுயிரணுவையும் நல்ல உயிரணுவையும் பிரித்தறிவதில்லை. எலும்பு மச்சை, குடலின் உட்சுவர், முடிவேர் ஆகியவற்றில் உயிரணுக்கள் இடையறாது பிரிவதால் அவையே முதலில் தாக்கப்படுகின்றன. முடி உதிர்தலும் வெள்ளணுக் குறைவும் பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகளின் பக்க விளைவுகளாவது இதனால்தான். நரம்பு இழைகளுள் பொருட்களைக் கொண்டுசெல்லவும் நுண்குழல்கள் தேவை. ஆதலால் வின்கிறிஸ்டின் கை கால்களில் மரமரப்பை உண்டாக்குகிறது.

கோல்கிசினில் புற்றுநோயைத் தாக்கும் அளவுக்கும் மனிதரைக் கொல்லும் அளவுக்கும் போதிய இடைவெளி இல்லை. செங்காந்தளை உட்கொண்டவர்க்கு முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும், பின்னர் எலும்பு மச்சைச் செயலிழப்பும் ஏற்படும். பிழைத்தவருக்கு முடி முழுவதும் உதிர்ந்த நிகழ்வு ஒன்று 1966 இல் இலங்கையிலிருந்து பதிவாகியுள்ளது. எனவே "புற்றுநோய் உயிரணுவைக் கொல்லும் மூலிகை" என்று கருதிச் செங்காந்தள் கிழங்கையோ விதையையோ உண்பது உயிருக்கு ஆபத்தானது. தவறுதலாக உட்கொண்டவரை, அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.