பதினான்கு வேகங்களும் ஒரு கார் பந்தயமும்

"டாக்டர், தூக்கம் வராம இருக்கிறதுக்கு ஏதாவது சூரணம் இருந்தா குடுங்களேன்!"

தூக்கம் வர மருந்து கேட்டு வருகிறவர்கள்தான் எனக்குப் பழக்கம். இவர் நேர் எதிர்! பெங்களூரில் வங்கி வேலை. வயதான பெற்றோர் இங்கே காவேரிப்பாக்கத்தில். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பதரைக்கு மனைவி, மகனோடு காரில் கிளம்பிவிடுவார். ஆம்பூரில் நிறுத்தி பிரியாணி. மூன்று மணிக்குள் வீடு. இப்படியே பல வருஷம்.

அந்த முறை வாலாஜாபேட்டை தாண்டியதும், கார் சாலையின் நடுத்தடுப்பை உரசியபடி கொஞ்ச தூரம் போயிருக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தாராம். "கண்ணு மூடினதே தெரியல டாக்டர்" என்றார். சொல்லும்போதே உள்ளங்கை வியர்த்திருந்தது. பின் சீட்டில் பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தானாம்.

அந்தப் பையனும் கூட வந்திருந்தான். பன்னிரண்டு வயசு, அஜித் ரசிகன். "துபாய்ல இருபத்துநாலு மணி நேரம் ரேஸ் ஓட்டறாங்க அங்கிள். அப்பா அஞ்சு மணி நேரம்தான் ஓட்டறார். அதுக்கே தூங்கிடறார்!" என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்கலாம். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவது கார். மனிதன் அல்ல! ஒரு காருக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று ஓட்டுநர்கள் உண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். பிரான்ஸில் 1923 முதல் நடக்கும் லெ மான்ஸ் பந்தயத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. எந்த 6 மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இந்தப் பந்தயங்களில் ஓடும் ஜிடி கார்களின் முழுப் பெயர் 'கிராண்ட் டூரர்'. வேகமாகவும் அலுப்பில்லாமலும் நெடுந்தூரம் போவதற்கென்று பிறந்த ரகம். ஆனால் பந்தயத்துக்கு வந்துவிட்டால் சொகுசு எல்லாம் போச்சு! மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு. தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட், நெஞ்சு படபடப்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்வை வெளியேறலாம். அதனால்தான் வண்டியை நிறுத்தாமலே உறிஞ்சிக் குடிக்க ஹெல்மெட்டுக்குள் ஒரு குழாய்.

சரி, அஜித்குமார் விஷயத்துக்கு வருவோம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி, துபாயில் பயிற்சியின்போது அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமில்லாமல் தப்பினார். அணியே அவருடையது. வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஆனாலும் உடல்நலத்தை முன்னிட்டு, தன் அணியின் அந்த போர்ஷே காரை இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். வேறொரு அணியின் காரில் மட்டும் ஓட்டினார். மற்ற ஓட்டுநர்கள் ஓட்டிய அந்த போர்ஷே, அதன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. கொடியோடு அவர் ஓடியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். இருக்கையை விட்டு இறங்கியதை எத்தனை பேர் கவனித்தோம்?

இறங்க மறுத்தவர் கதையும் உண்டு. 1952, லெ மான்ஸ். பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர், உடன் ஓட்ட வேண்டியவருக்கு இடமே கொடுக்காமல் ராத்திரி முழுக்கத் தனியாகவே ஓட்டினார். வெகுதூரம் முன்னிலை! கடைசியில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பாக்கி இருக்கும்போது இன்ஜின் உடைந்தது. அசதியில் கியரைத் தவறாக மாற்றிவிட்டார் என்றார்கள் பலர். இன்ஜினில் முன்பே கோளாறு இருந்தது என்பாரும் உண்டு. முதல் பரிசு மெர்சிடிஸ் காருக்குப் போனது.

எங்கள் சித்த மருத்துவத்தில் 'வேகம்' என்றால் வேறு பொருள். உடம்பு தானாக எழுப்பும் உந்துதலுக்குத்தான் வேகம் என்று பெயர். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், சிறுநீர், இருமல் என்று பதினான்கு வேகங்கள். இவற்றை அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் உண்டு என்கின்றன நூல்கள். அதில் ஒன்று நித்திரை. அதை அடக்கினால் தலை கனக்கும், கண் சிவக்கும், காது மந்தமாகும், பேச்சு குழறும். படித்துப் பாருங்கள்... குடித்தவரின் லட்சணம் மாதிரி இல்லை?

இன்றைய ஆராய்ச்சியும் அதையேதான் சொல்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறதாம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதோ 0.03 தான்! நம் வங்கிக்காரர் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். ஓசூர் தாண்டும்போதே 17 மணி நேரம் ஆகிவிட்டது. அதன் மேல் பிரியாணி வேறு. ஆம்பூர் பிரியாணியை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் நள்ளிரவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிப்பது, தூக்கத்துக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது மாதிரி. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு எப்படியும் தூக்கம் கேட்கும். ஏ.சி. குளிர், வழவழப்பான நேர் ரோடு... பந்தயக் காரின் உலுக்கல் இங்கே இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் நாலே விநாடி கண் மூடினால் கார் 110 மீட்டர் போய்விடும், ஆள் இல்லாமல்!

எனவே சூரணம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பாட்டு சத்தம், ஜன்னல் காற்று, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிஷ வேலைதான். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலே, கடந்து வந்த ஊரின் பெயர் மறந்தாலே, பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமான இடத்தில் ஒதுங்குங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிஷம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அப்புறமும் அசதி என்றால் ஓட்டாதீர்கள். ஜலதோஷ மாத்திரை சில தூக்கம் வரவழைக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, பகலிலும் தூங்கி விழுகிறவர்கள் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். 'பகல் தூக்கம் ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க' என்று சிலர் என்னையே மடக்குவார்கள். அது ராத்திரி தூங்கியவர்களுக்கு ஐயா!

அவர் மனைவிக்கும் லைசென்ஸ் இருக்கிறதாம். ஒன்பது வருஷமாக பீரோவில் பத்திரமாக!

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். இப்போது சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறார்களாம். கிருஷ்ணகிரி வரை அவர், அங்கிருந்து வேலூர் வரை அந்த அம்மாள். பையன் ஒரு நோட்டில் நேரம் குறித்துவைத்து, ஒன்றரை மணி நேரம் ஆனதும் "பிட் ஸ்டாப்!" என்று கத்துகிறானாம். "இவன் தொல்லை தாங்கல டாக்டர்" என்றார் சிரித்துக்கொண்டே. அப்பாவின் மூட்டு வலிக்குத் தைலம் மட்டும் வாங்கிப் போனார்.