'புத்தம் வீடு' காட்டும் காதலும் மனப்போராட்டமும்

கிறிஸ்தவச் சூழலில் எழுந்த காதல் கதை என்றாலே முடிவில் ஒரு பிரசங்கம் காத்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குவது ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964-இல் வெளிவந்த 'புத்தம் வீடு' நாவல்.

கதை நிகழ்வது குமரிப் பகுதியின் பனங்காட்டில். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையே கண்டு பழகிய நமக்கு அம்மண்ணின் பேச்சு முதல் சில பக்கங்களில் அயலாகத் தோன்றும், பிறகு தோன்றாது.

பெயர்தான் புத்தம் வீடு, எஞ்சியிருப்பது பழம்பெருமையே. அவ்வீட்டுப் பெண் லிஸி பருவமெய்தியதும் படிப்பு நிற்கிறது, வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் உள்ளம் பனையேறியின் மகன் தங்கராஜை நாடுகிறது. இருவருக்கும் வேதம் ஒன்றுதான். ஆயினும் பனைக்கு உடையவர், பனை ஏறுபவர் என்னும் வேற்றுமையை அந்த வேதத்தால் அழிக்க இயலவில்லை. இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார் ஆசிரியை. கிறிஸ்தவராகிய அவருக்கு இது எளிதாக இருந்திராது.

லிஸி ஓடிப்போகவில்லை, காதலைக் கைவிடவுமில்லை. கண்ணப்பச்சி என்று அவள் அழைக்கும் பாட்டனாரைப் புண்படுத்தாமல், தன் மனத்துக்கும் பொய் சொல்லாமல் வாழ்வது எங்ஙனம்? இதுவே அவள் போராட்டம். கோழைத்தனம் என்று நம் மாணவ நண்பர்கள் சிலர் கூறக்கூடும். வாய் திறக்கவே உரிமையில்லாத பெண் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

ஆசிரியை திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக விளங்கியவர். அவருடைய பாத்திரங்களோ பனைமூட்டுத் தமிழிலேயே பேசுகின்றன.